பத்து மணி பத்து நிமிட ஆலங்கட்டி

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது இரக்கத்தால் அல்ல, பொறாமையால்.

சின்ன வயதில் எங்கள் வீட்டு டிவியில் செய்தி முடிந்ததும் வானிலை வரும். தமிழ்நாட்டுப் படத்தின் முன்னால் ஒருவர் நின்று குச்சியால் சென்னையைத் தொடுவார், நாகப்பட்டினத்தைத் தொடுவார், மதுரையைத் தொடுவார். அடுத்த தொடல் கோயம்புத்தூர். இரண்டுக்கும் நடுவே குச்சி அந்தரத்தில் போகும் அந்த ஒரு நொடியில்தான் திண்டுக்கல் இருந்தது. எங்கள் ஊருக்கு வானிலையே கிடையாது என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். வெயில் இருந்தது. ஆனால் அதற்கெல்லாம் யாரும் அறிக்கை வாசிப்பதில்லை.

பிறகு 2001-ல் உள்ளூர் கேபிள் சேனல் ஒன்றில் (பெயர் வேண்டாம்; அதன் முதலாளி இன்னும் ஊரில் நாலு பேருக்கு வேண்டியவர்) ஒரு பெண் வந்து உட்கார்ந்து, "ரெட்டியார்சத்திரம் பக்கம் மேகம் இறங்கியிருக்கிறது, வேடசந்தூரில் வெறும் காற்றுதான்" என்றாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு எழுந்து நின்றுவிட்டேன். வானத்தை இம்புட்டுப் பக்கத்தில் கொண்டுவந்து யாரும் எங்களிடம் பேசியதில்லை. இவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கு அப்போதே எழுதுகிற கிறுக்கு உண்டு. கண்ணால் பார்க்காத ஒன்றை இத்தனை உறுதியாகச் சொல்லும் வித்தையை இவள் எங்கே கற்றாள் என்று வயிறு எரிந்தது.

பதினோரு மாதம் வந்தாள். 2002 மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை. ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

2

தொடங்கிப் பார்த்தவை:

"ரூபி ஜன்னலைத் திறந்தபோது வானம் கறுத்து, கனத்து, நிறைமாதப் பிள்ளைத்தாய்ச்சி போல—"

நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த ஸ்டூடியோவில் ஜன்னல் இல்லை. இருந்த ஒன்றையும் சத்தம் வருகிறது என்று அட்டை வைத்து அடைத்திருந்தார்கள்.

"புவியியல் ஆசிரியை ரூபிக்குச் சிறு வயதிலிருந்தே மேகங்களின் மேல் தீராத—"

இது ஒன்றரைப் பக்கம் வரை நன்றாகவே போயிற்று. அடிக்க மனசே இல்லை. ஆனால் புவியியல் படித்த ஒருத்தி, இந்தக் கதையில் வரும் தப்பைச் செய்யவே மாட்டாள். கோடையில் ஆலங்கட்டி பிற்பகலில்தான் விழும், காலையில் விழாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். கதை அவ்விடத்திலேயே படுத்துவிடும். ஆகவே ஒரே இரவில் அவளுடைய பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டேன்.

"ரூபி பி.காம். படித்தவள்."

இது நிற்கும்போல் தெரிகிறது. (ரூபி என்பது நான் வைத்த பெயர். மற்றவர்களுக்கும் அப்படியே.)

3

ரூபி பி.காம். படித்தவள். மேட்டுப்பட்டிக்காரி. சேனலில் அவளைச் சேர்த்தது சந்தா ரசீது எழுதுவதற்கு. வானிலைக்கு அவள் வந்தது ஒரு குடைக்கடையின் புண்ணியத்தில். கடைக்காரர் விளம்பரம் தருவதாகச் சொன்னார். ஆனால் அது மழையை ஒட்டி வர வேண்டும் என்று நிபந்தனை போட்டார். திண்டுக்கல்லில் மழைக்கு எங்கே போவது? முதலாளி தலையைச் சொறிந்தார். தினம் நாலு மணிக்கு நேரடியாக ஐந்து நிமிட வானிலை என்று முடிவாயிற்று. தெளிவாகப் பேசுவாள் என்று ரூபியை உட்கார வைத்தார்கள்.

முதல் வாரம் அவள் பேப்பரைப் பார்த்து வாசித்தாள். "ஓரிரு இடங்களில் மழை பெய்யலாம்." நாலாம் நாள் கீழ்த்தளத்திலிருந்து ஒரு குரல் படியேறி வந்தது.

"ஏம்மா, தெனமும் ஓரிரு இடம், ஓரிரு இடம்ங்கறியே. அது எந்த இடம்னு நான் சொல்லவா?"

முகமது பாரூக். கீழே ரேடியோ, டேப் ரிக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அதைவிட முக்கியம், அவர் ஒரு ஹாம். அரசாங்கத்திடம் பரீட்சை எழுதி லைசன்ஸ் வாங்கி, சொந்த ரேடியோ செட்டில் ஊர் உலகத்தோடு பேசுகிற பொழுதுபோக்குக்காரர்களுக்கு அந்தப் பெயர். கட்டிடத்தின் மொட்டை மாடியில் இரண்டு மூங்கில் நட்டு ஆன்டெனாக் கம்பி கட்டியிருந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் அதில் பாவாடை காயப்போட்டார்கள். "கொடின்னு நெனச்சு போடுறாங்க. நானும் வேணாங்கல. செட்டு வேல செய்யிறப்ப மட்டும் எடுத்துக்கச் சொல்லியிருக்கேன்" என்பார்.

பாரூக்குக்குச் சுற்றுவட்டாரத்தில் நாலைந்து ஹாம் நண்பர்கள். பழனிச் சாலையில் இருவர், கொடைரோட்டில் ஒருவர், ஒட்டன்சத்திரத்தில் தங்கமுத்து. தங்கமுத்து காய்கறி கமிஷன் மண்டியில் எழுத்தர். தக்காளி லோடு வெட்டவெளியில் நிற்கும் ஊரில் எழுத்தர் அடிக்கடி வானத்தைப் பார்க்காமல் முடியாது. பார்த்ததை ரேடியோவில் சொல்வார். மற்றவர்களும் சொல்வார்கள். மின்னல் முதலில் யாருக்குத் தெரிந்தது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று மாலை முழுக்க வானத்தைத் துரத்துவார்கள். அவர்களுக்குள் ஒரே ஒரு சட்டம் இருந்தது: கண்ணில் பட்டதை மட்டும் சொல்ல வேண்டும். 'மழை வரும்போல இருக்கு' என்று யாராவது சொன்னால் அன்றைக்கு அவர்தான் கேலிப்பொருள்.

ரூபிக்குச் சேதி இப்படித்தான் கிடைத்தது. கேபிள் ஒயர் நுழைகிற ஓட்டை வழியாக ஸ்டூடியோவிலிருந்து கீழே கடைக்கு ஒரு நூல் தொங்கும். நூல் நுனியில் துணி மாட்டும் கிளிப். மூணே முக்காலுக்கு மேல் பாரூக் ஒரு சீட்டை மாட்டி நூலை இரண்டு தரம் சுண்டுவார். ரூபி இழுத்துக்கொள்வாள். ஒரே வாரத்தில் ஊர் அவளை நம்ப ஆரம்பித்தது.

[இடையில் ஒன்று. பாரூக் முதல் நாளே அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். ஹாம் ரேடியோவில் கேட்டதை வெளியே வியாபாரத்துக்குக் கொடுக்க லைசன்ஸ் இடம் தராது. சேதி எங்கிருந்து வருகிறது என்று அவள் யாரிடமும் மூச்சு விடக்கூடாது. இதை ஒரு மூலையில் முடிந்துவைத்துக்கொள்ளுங்கள். நான் வசதியாக மறந்துவிடக்கூடும்.]

4

இப்போது மூக்கையாவையும் சுந்தரம்மாளையும் பார்க்க வேண்டும். ரெட்டியார்சத்திரத்துக்கு இந்தப் பக்கம், பழனிச் சாலையோரம் ஒரு செங்கல் காளவாசல். புருஷனும் பெண்டாட்டியும் அங்கே கல் அறுக்கிறவர்கள். மண்ணைக் குழைத்து அச்சில் அடித்து வெயிலில் பரப்புவார்கள். சுடாத பச்சைக்கல் காய்ந்து காளவாசலுக்குள் ஏறினால்தான் கூலி. ஏறாத கல் வெறும் மண். மூன்று வாரம் அறுத்த கல் களம் முழுக்கக் காய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை அடுக்க வேண்டும். ஒரு மழை போதும், எல்லாம் கரைந்துவிடும்.

அப்படியானால் தார்ப்பாய் போட்டு மூடிவிட வேண்டியதுதானே என்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். மூடினால் புழுங்கும். புழுங்கினால் காயாது. ஈரக்கல் என்று மேஸ்திரி கழித்துவிடுவார். அதனால் மூடுவதா வேண்டாமா என்பது தினம் தினம் ஒரு சூதாட்டம்.

2002 மே, ஒரு வெள்ளிக்கிழமை. பிற்பகல் மூணு நாற்பதுக்குத் தங்கமுத்து ஒட்டன்சத்திரத்திலிருந்து கூப்பிட்டார். "ஆலங்கட்டிங்க. புளியங்கொட்ட சைசு. மேக்கால இருந்து காத்து அடிக்குதுங்க." பாரூக் வழக்கம்போல் பதிவேட்டில் எழுதினார்.

ஹாம்காரர்கள் பதிவேட்டில் நம் நேரத்தை எழுதுவதில்லை. உலகம் முழுக்கப் பேசுகிறவர்களுக்குப் பொது நேரம் ஒன்று உண்டு. அது நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். மூணு நாற்பது அதில் பத்து பத்து. ரூபிக்குச் சீட்டு எழுதும்போது மட்டும் பாரூக் ஐந்தரையைக் கூட்டி நம் நேரத்தில் எழுதுவார். பதினோரு மாதத்தில் ஒருநாளும் தவறியதில்லை.

அன்று மேற்கே இடி கேட்டது. இடி கேட்டால் ஹாம்காரனுக்கு முதல் வேலை, மொட்டை மாடிக்கு ஓடி ஆன்டெனாவைக் கழற்றுவது. இல்லாவிட்டால் மின்னல் கம்பி வழியாக இறங்கிச் செட்டைக் கரியாக்கிவிடும். பாரூக் பதிவேட்டுத் தாளை அப்படியே கிழித்துக் கிளிப்பில் மாட்டினார், நூலைச் சுண்டினார், ஓடினார்.

ரூபி இழுத்துப் பார்த்தாள்: "1010. ஒட்டன்சத்திரம். ஆலங்கட்டி. புளியங்கொட்டை. காற்று மேற்கிலிருந்து."

நாலு மணிக்கு ஒரு நிமிடம் இருந்தது. பத்து பத்தா? அப்படியானால் காலையில். பாய் அப்போதே அனுப்ப மறந்துவிட்டார்போல என்று நினைத்துக்கொண்டாள். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"இன்று காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு ஒட்டன்சத்திரத்தில் புளியங்கொட்டை அளவில் ஆலங்கட்டி மழை பெய்தது" என்று வாசித்தாள். வாக்கியம் பாதியில் நிற்பதுபோல அவளுக்குத் தோன்றியது. பெய்தது, சரி, அப்புறம்? கேட்கிறவர்கள் கேட்பார்களே. ஒரு மூச்சு விட்டு, சிரித்த முகத்தோடு சேர்த்துக்கொண்டாள்: "மழை தற்போது ஓய்ந்துவிட்டது. திண்டுக்கல் பகுதியில் மாலை வெயில் அடிக்கும்."

[நேரம் தப்பியதில் பாதி பாரூக்குடையது, பாதி அவளுடையது. 'ஓய்ந்துவிட்டது' முழுக்க அவளுடையது. சீட்டில் அப்படி ஒரு சொல் இல்லை. வாக்கியத்தை அழகாக முடிக்க அவளாகச் சேர்த்தாள். அவளைத் திட்ட எனக்கு நாக்கு எழவில்லை. நான் பிழைப்பதே இந்த வேலையில்தான்.]

5

காளவாசலுக்கு எதிரே டீக்கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. டீ வாங்கப் போன சுந்தரம்மாள் அதைக் கேட்டுவிட்டுத் தூக்குச்சட்டியோடு களத்துக்குத் திரும்பினாள். மூக்கையா தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தார்.

"மேக்க பாரு, கருக்கிட்டு வருது. அந்த முனையப் புடி."

"செத்த நேரம் சும்மா இருங்க. டிவில இப்பத்தான் சொல்லுச்சு அந்தப் புள்ள. ஒட்டஞ்சத்திரத்துல காலையிலயே பேஞ்சு ஓஞ்சுருச்சாம். இங்கிட்டு வெயிலாம்."

"எனக்குக் கண்ணு இருக்குல்ல?"

"இருக்கு, இருக்கு. போன மாசமும் இப்படித்தேன் மூடச் சொன்னீக. ஒரு பொட்டு விழல. ஈரக்கல்லுன்னு அம்புட்டையும் கழிச்சுப்புட்டாக. இன்னைக்கி மூட விடமாட்டேன்." தார்ப்பாயின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவர் செத்த நேரம் நின்று பார்த்துவிட்டு, சிரித்து, டீயை வாங்கிக் குடித்தார்.

நாலு இருபத்தைந்துக்கு முதல் கட்டி விழுந்தது. அதற்குள் காற்று வந்து தார்ப்பாயைச் சாலை வரை தூக்கிப் போயிற்று. கால் மணி நேரம். மழை நின்றபோது களத்தில் கல் இல்லை, சேறு இருந்தது. இருவரும் அதன் நடுவே நின்றார்கள்.

மூக்கையா அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. ஒன்றே ஒன்று சொன்னார்: "நான் கண்ணால பாத்தேன். நீ காதால கேட்டதச் சொல்லித் தடுத்துட்ட." அதற்குப் பிறகு அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

அதே நேரத்தில் சேனல் மாடியில் பாரூக் நனைந்த சட்டையோடு படியேறி வந்தார். "எத்தன மணின்னும்மா வாசிச்சே?"

"பத்து பத்து, பாய். காலைல."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அது உலக நேரம்மா. அஞ்சரை கூட்டணும்."

ரூபி விரலை மடக்கிக் கூட்டினாள். மூணு நாற்பது. தான் வாசித்தபோது மழை ஒட்டன்சத்திரத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் தங்கமுத்து வேலையாகத் திண்டுக்கல் வந்தார். வழியில் டீக்கடையில் நின்றவர், காளவாசலில் நடந்ததைக் கேட்டுவிட்டு வந்திருந்தார். பாரூக், ரூபி இருவரிடமும் சொன்னார். "அந்தம்மா வெடிஞ்சதுல இருந்து களத்துலயே குத்தவச்சிருக்குதுங்க. ஊட்டுக்காரரு மூஞ்சியவே பாக்கறதில்லைங்க. நாந்தான் கெடுத்துட்டேன், நாந்தான் கெடுத்துட்டேன்னு அதையே சொல்லிட்டிருக்குது."

"என்னைக் கூட்டிட்டுப் போங்கண்ணே" என்றாள் ரூபி.

பாரூக் அவளையே பார்த்தார். "போ. வேணாங்கல. ஆனா தப்பு எப்பிடி வந்துச்சுன்னு கேப்பாங்க. சீட்டு எங்கருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. வருசக்கணக்கா காத்துக் கெடந்து வாங்குன லைசன்ஸும்மா." தங்கமுத்துவின் லைசன்ஸும் அதில் அடக்கம் என்பதை அவர் சொல்லவில்லை.

ரூபி தங்கமுத்துவின் டிவிஎஸ் ஐம்பதில் ஏறி உட்கார்ந்தாள்.

6

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது 2008-ல். ஒட்டன்சத்திரம் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போயிருந்தேன். தங்கமுத்துவின் மேஜை மேல் கைரேடியோ இருந்தது. அதைப் பற்றிக் கேட்கப் போய், பேச்சு ரூபியில் வந்து நின்றது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"காளவாசல்ல என்னங்க நடந்தது?"

"நான் சாலைக்கு இந்தப் பக்கமே வண்டியோட நின்னுட்டனுங்க. அந்தப் புள்ள மட்டும் எறங்கிப் போச்சு."

"அப்புறம்?"

"அந்தம்மா முன்னால போயி நின்னுச்சு. அந்தம்மா நிமிந்து பாத்துதுங்க. மூக்கையா தள்ளி மண்ணு வெட்டிட்டிருந்தாரு."

"ரூபி என்ன சொன்னா?"

"வாய் அசஞ்சுதுங்க."

"என்ன சொல்லியிருப்பா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "காதுல உழுகாதத நான் எப்பிடிங்க சொல்றது?"

"சரி, அதுக்கப்புறம் அந்தம்மா என்ன செஞ்சாங்க? அழுதாங்களா? மூக்கையா கிட்ட வந்தாரா? அதையாவது பாத்திருப்பீங்கல்ல?"

"ஏனுங்க, கேரளாவுக்குப் போற முட்டக்கோஸ் லோடு ரெண்டு லாரிங்க, ஒண்ணு பின்னால ஒண்ணா குறுக்க வந்துருச்சு. அதுக போனப்பறம் பாத்தா அந்தப் புள்ள திரும்பி நடந்து வந்துட்டிருந்துது. வண்டில ஏறுச்சு. மேட்டுப்பட்டி வரைக்கும் ஒரு வார்த்த பேசல. நானும் கேக்கலைங்க."

"கேட்டிருக்கலாமே!"

"கேட்டிருக்கலாமுங்க" என்று ஒப்புக்கொண்டு தராசுச் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

ரூபி அன்றோடு சேனலை விட்டு நின்றாள். பிறகு கல்யாணமாகி எங்கோ போய்விட்டாள். பாரூக் கடையை மூடிவிட்டு மகனோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். அவருடைய லைசன்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை வைத்து ரூபி உண்மையைச் சொல்லவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கல் அறுக்கிறவர்கள் யாரிடம் போய்ப் புகார் எழுதப்போகிறார்கள்?

7

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

ரூபி எல்லாவற்றையும் சொல்கிறாள். "தப்பு என்னோடதுக்கா. நீங்க சரியாத்தான் கேட்டீங்க. நாந்தான் இல்லாததச் சேத்துச் சொன்னேன்." மூக்கையா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு மனைவியிடம் வந்து— எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. எழுதும்போது கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.

ரூபி வாய் திறந்து, "வானம் யார் பேச்சக்கா கேக்கும்" என்று பொதுவாக ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறாள். மூன்று பேர் தப்பிக்கிறார்கள். சுந்தரம்மாள் மட்டும் வாழ்நாள் முழுக்க அந்தத் தார்ப்பாயின் மேலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

மூன்றாவதாக, ரூபி சொல்ல ஆரம்பிக்கிறாள், லாரிச் சத்தத்தில் சுந்தரம்மாளுக்கு— சேச்சே. இது ஏமாற்று வேலை.

எதைப் போடுவது என்று இரண்டு மாதம் குழம்பினேன். உங்களிடமே விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். இந்த மாதிரிக் கதைகளில் அது வழக்கம்தான், எழுதுகிறவனுக்கும் லேசு. பிறகு ஒருநாள் பல் தேய்க்கும்போது சுருக்கென்று தைத்தது. ரூபி அன்றைக்குச் சொல்லவில்லை என்றால், சொல்ல வேண்டிய விஷயம் இப்போது யாரிடம் இருக்கிறது? தங்கமுத்துவிடம் இருக்கிறது. அவர் வழியாக ஒரு வருடமாக என்னிடமும் இருக்கிறது. நான் அதை வைத்துக்கொண்டு முடிவு தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

இந்தப் பகுதியை ரெட்டியார்சத்திரத்துக்கு இந்தப் பக்கம், ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். 2009 பிப்ரவரி, வெயில் சுள்ளென்று இருக்கிறது. எதிரே காளவாசல். களத்தில் ஓர் அம்மாள் குத்தவைத்து அச்சில் மண் அடித்துக்கொண்டிருக்கிறாள். கொஞ்சம் தள்ளி ஒரு கிழவர் மண் குழைக்கிறார். வந்து அரைமணி நேரமாகிறது, அவர்கள் ஒருவருக்கொருவர் பேசி நான் பார்க்கவில்லை. வேலை மும்முரமாகவும் இருக்கலாம். நான் சுந்தரம்மாள் என்று எழுதுகிறவளின் நிஜப் பெயரைச் சொல்லிக் கேட்டதும், டீக்கடைக்காரர் அந்த அம்மாள்தான் என்றார். இரண்டு டீ ஆயிற்று. மூன்றாவது சொல்ல வாயெடுத்தபோது அவள் நிமிர்ந்து, புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, சாலைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தாள்.

"யாரப்பு அது? வந்ததுல இருந்து இங்கிட்டே பாத்துப் பாத்து எழுதிக்கிட்டு இருக்கீக. என்ன வேணும்?"

நடந்ததையெல்லாம் ஏழு பகுதியாக உங்களிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதற்கு மேல் எதைச் சொன்னாலும் அதை முதலில் கேட்க வேண்டியவள் அவள். சாலையில் லாரி எதுவும் வரவில்லை. நான் எழுந்து போகிறேன். நீங்கள் செத்த நேரம் இந்தப் பெஞ்சிலேயே இருங்கள்.